பிந்தி வரும் சிரிப்பு

பட்டாசு என்பது மேடை அவருக்கு வைத்த பெயர். இப்போது அதோடு ஒரு தாத்தாவும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புத்தக அட்டையில் பட்டாசுத் தாத்தா, பள்ளிக்கூட வாசலில் கட்டியிருக்கும் பேனரில் பட்டாசுத் தாத்தா. ஆனால் அன்று காலை பதிப்பாளர் அம்மாவின் காரில், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் நமத்துப்போன பட்டாசு என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும்.

"சார், தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார் பதிப்பாளர் அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். அந்த வாரம் பள்ளி மாற்றிப் பள்ளியாக அலைந்தாயிற்று. எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி ஹால், ஒரே மாதிரி கீச்சிடும் மைக், விழாவுக்கு வந்தவர் ஓடிப்போய்விடுவார் என்ற பயத்தில் கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஒரே மாதிரி தலைமை ஆசிரியை. வேறு நாளாக இருந்தால் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். இன்று அப்படிப் படுக்க முடியாது. இன்று போகிற பள்ளியில் அவருடைய பேத்தி படிக்கிறாள்.

பேத்தியை அவர் கடைசியாகப் பார்த்தபோது அது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு. இடையில் போனில் வந்த சில படங்கள்தான். மகள் கூட்டிக்கொண்டு வருவதில்லை, இவரை வரச் சொல்வதும் இல்லை. மனைவி இருந்தவரை இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அந்த வேலையை எடுத்துச் செய்ய ஆள் இல்லை.

போன மாதம் மானத்தை விட்டு அவரே கேட்டார். "லீவுக்குப் பாப்பாவை ஒரு வாரம் அனுப்பேன்மா. வீடு வெறிச்சுன்னு கிடக்கு."

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "எங்க ஸ்கூலுக்கு நீங்க கதை சொல்ல வர்றீங்கல்ல. நானும் வந்து பின்னாடி நிக்கிறேன். எத்தனையோ பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும். அதுல ஒரு பிள்ளையைக்கூடக் கேலி பண்ணாம உங்களால கதை சொல்ல முடியுதான்னு பார்க்கிறேன். முடிஞ்சா அனுப்பறேன். அப்புறம், அவ உங்க பேத்தின்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. நீங்க அவளைத் தேடவும் கூடாது."

"இதெல்லாம் ஒரு நிபந்தனையா? சின்னப் பிள்ளைங்களைப் போய் நான் கேலி பண்ணுவேனா?"

"என்னைப் பண்ணீங்களேப்பா" என்றாள். சண்டைக்காரக் குரலில்கூட இல்லை, மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில். அதுதான் அவரை என்னவோ செய்தது.

மேடைக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. திரை விலகுவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "இன்னைக்கு ஆடு யாரு?" முன்வரிசையில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் ஒருத்தரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சட்டையை, மூக்கை, தூங்கி வழியும் கண்ணை இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் மீதி அரங்கமே ஒன்றாகிவிடும். ஆடு பிடிப்பதில் பட்டாசை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. அலுவலக ஆண்டு விழா, சங்கக் கூட்டம், பிறகு டிவி என்று கொடிகட்டிப் பறந்தார். இத்தனைக்கும் மேடை ஏறியதும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். போட்டுக்கொண்டால் முகங்கள் தெரியும், முகங்கள் தெரிந்தால் நாக்கு பின்வாங்கும். கழற்றிவிட்டால் எதிரே எல்லாம் மங்கல், காது மட்டும்தான் வேலை செய்யும். குலுங்குகிற தலைகளுக்கு நடுவே குலுங்காத தலை எது என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

அந்தக் கண்ணாடியை வைத்துக்கொள்ளும் உத்தியோகம் மகளுக்கு. எட்டு வயதுப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பாவின் கண்ணாடியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பாள். மேடையில் அப்பா அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். எந்த ஆடும் சரியாக மாட்டாத நாளில் வீட்டு ஆடு இருக்கவே இருந்தது. படுக்கையை நனைக்கும் பழக்கம் அவளுக்கு வெகுநாள் இருந்தது. "எங்க வீட்ல ஒரு நனைஞ்ச கோழி இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், கூரை பிய்த்துக்கொண்டு போகும். டிவியில் அதைச் சொன்ன மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. பள்ளியை மாற்றினார்கள். பெயர் அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

பெரியவளான பிறகு இதை அவள் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "நீயும்தானே சிரிச்சே. என் காதால கேட்டேனே."

அது பொய்யில்லை. முன்வரிசையிலிருந்து அவள் சிரித்த சத்தம் அவருக்குக் கேட்டுத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு காலம் மாறியது. புதுப் பையன்கள் வந்தார்கள், ஜனங்கள் வேறு விஷயத்துக்குச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் அரங்கம் முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு பிடிக்கப் போனால் எல்லாத் தலையும் குனிந்திருந்தது. அதோடு சரி. அப்புறம் ஒருநாள் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, வீறிட்டு அழுத ஒரு குழந்தைக்குத் தும்மல் வந்தும் தும்ம முடியாத நீர்யானையைப் பற்றி ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் இந்தப் பதிப்பாளர் அம்மா. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர், வாயில் பஞ்சோடு, "அஹை எழுஹித் தாங்க சார்" என்றார்.

'நீர்யானைக்குத் தும்மல் வருது' அப்படித்தான் புத்தகமானது. கதையில் ஒன்றும் பெரிசாக இல்லை. "அ... அ..." என்று நீர்யானை மூக்கைத் தூக்குகிறது. பக்கத்தைத் திருப்பினால் குரங்கு மரத்தில் ஏறிக்கொள்கிறது. மறுபடி "அ... அ...", திருப்பினால் ஆமை ஓட்டுக்குள் போகிறது, அதற்கடுத்து முயல் புதருக்குள் பாய்கிறது. சிரிப்பு வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மேடையில் கற்ற வித்தை. அதைப் பக்கம் திருப்புவதில் வைத்தார். கடைசியில் மலையே பெயரும் என்று பார்த்தால், நீர்யானை பூனைக்குட்டி மாதிரி "இச்" என்கிறது. புத்தகம் எங்கெங்கோ போனது. யாரையும் புண்படுத்தாத தொழில் ஒன்று கிடைத்துவிட்டது என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

ஹாலுக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார்கள். பின்பக்கம் மகள் நிற்பது தெரிந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தோளில் இன்னும் பை. இளைத்திருக்கிறாள். அவர் கையை லேசாக உயர்த்தினார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அப்புறம் அவர் பழக்கப்படி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹால் மங்கியது. கதை மனப்பாடம் என்பதால் அவருக்கு எழுத்து தெரிய வேண்டிய அவசியமே இல்லை. புத்தகம் பிள்ளைகள் பக்கம்தான் பார்த்திருக்கும்.

நல்ல கூட்டம். முதல் "அ... அ..."வுக்கே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். குரங்கு மரம் ஏறியதும் கீச்சென்று ஒரு சத்தம். பட்டாசுக்கு முழங்கால் வலி மறந்தது. என்ன இருந்தாலும் பழகிய போதை. அலுத்துப்போன ஆளையும் அது நிமிர்த்திவிடும்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முன்வரிசையில், இத்தனை தலைகள் குலுங்குகிற இடத்தில், ஒரு தலை மட்டும் அசையவில்லை.

விட்டிருக்கலாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். ஆனால் நாற்பது வருஷமாக அந்த அசையாத தலையைத் தேடியே வயிறு வளர்த்த நாக்கு அது. புத்தி எழுந்து வருவதற்குள் நாக்கு வேலையை முடித்துவிட்டது.

"ஏன் கண்ணு, நீர்யானைக்குத்தான் தும்மல் அடைச்சிருக்கு, உனக்கு என்ன அடைச்சிருக்கு?"

ஹால் அதிர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்திரி, எந்திரி. எல்லாரும் பார்க்கட்டும். டிக்கெட் வாங்கி ஏமாந்த ஆளுகூட இப்படி உட்கார மாட்டான். கதை பிடிக்கலையா?"

அது எழுந்து நின்றது. பெண் குழந்தை. "பிடிக்கும்" என்றது மெல்ல.

"பிடிச்ச மூஞ்சியா இது? பிடிக்காட்டி எப்படி இருப்பே?"

மறுபடி வெடி. பின்னால் ஆசிரியைகளும் சிரித்தார்கள்.

"எனக்குக் கதை தெரியும். மனசுக்குள்ள கூடவே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"யாரு உனக்குச் சொன்னா?"

"எங்கம்மா. தினமும் படிச்சுக் காட்டுவாங்க."

"அப்படியா? அப்ப உங்கம்மாவே மேடைக்கு வரட்டும். நான் போய் உன் இடத்துல உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறேன்."

அன்றைய நாளின் பெரிய சிரிப்பு அதுதான். அலை மாதிரி எழுந்து, சுவரில் மோதி அடங்கியது. அடங்கும்போது முன்வரிசையிலிருந்து இன்னொரு சிரிப்பு தனியாகக் கேட்டது. அந்தக் குழந்தையின் சிரிப்பு. மற்றவர்கள் முடிக்கிற இடத்தில் அது தொடங்கியது.

பட்டாசின் காது அதைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஆட்டின் சிரிப்பு எப்போதும் பிந்தித்தான் வரும். தனக்கு வலிக்கவில்லை என்று காட்ட முடிவு செய்வதற்கு அவ்வளவு நேரம் ஆகும். மேடைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. அது கேட்டால் ஆடு மடங்கிவிட்டது, அடுத்த ஜோக்குக்குப் போகலாம் என்று அர்த்தம். அதே சிரிப்பை, அதே மாதிரி பிந்தி, அதே முன்வரிசையிலிருந்து எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து.

கை தானாகப் பைக்குள் போனது. மேடையில் நின்றுகொண்டு முதன்முதலாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

எதிரே அவருடைய மனைவியின் நெற்றி இருந்தது. மகளின் முகவாய் இருந்தது. முன்பல் ஒன்று விழுந்த வாயைக் கஷ்டப்பட்டு விரித்து வைத்துக்கொண்டு, பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, பேத்தி நின்றுகொண்டிருந்தாள்.

யாரைத் தேடக் கூடாது என்று சொன்னார்களோ அவளைத் தேடாமலே கண்டுபிடித்துவிட்டார்.

"உட்காரு கண்ணு" என்றார். "தாத்தா பண்ணது தப்பு. மன்னிச்சுக்கோ."

ஹால் ஒரு கணம் அவரையே பார்த்தது. அடுத்து என்ன ஜோக் வரப்போகிறது என்று காத்திருந்தது. பிறகு யாரோ ஒரு பிள்ளை களுக்கென்றது, தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். பட்டாசுத் தாத்தா மன்னிப்புக் கேட்கிறாராம்.

"இல்லைப்பா, நிஜமாத்தான் சொல்றேன்" என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள், பிந்தி. தான் வாயைத் திறக்கத் திறக்கக் குழந்தைக்குத்தான் வலி அதிகம் என்று புரிந்ததும் மன்னிப்பையும் நிறுத்திக்கொண்டார். பக்கத்தைத் திருப்பி மீதிக் கதையைப் படித்தார். மேடையில் கண்ணாடி போட்டுப் பழக்கமில்லாததால் முகங்கள் குறுக்கே வந்தன. ஆமை வர வேண்டிய இடத்தில் முயல் வந்தது, "இச்" சப்பென்று விழுந்தது. பிள்ளைகள் பெரிய மனது பண்ணிக் கைதட்டினார்கள். பின்பக்கம் மகள் நின்ற இடம் காலியாக இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு நடையில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பதிப்பாளர் அம்மா குனிந்து, "உடம்பு முடியலையா சார்? நிறுத்திடலாமா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்துப் பெயர் கேட்டு எழுதினார். முகங்களைப் பார்த்துச் செய்கிற வேலை எவ்வளவு களைப்பானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேனா கனத்தது.

நடையின் கோடியிலிருந்து மகள் வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்திருந்தாள். பேத்தியின் முகம் அப்போதுதான் கழுவப்பட்டு ஈரமாக இருந்தது. தலைமை ஆசிரியை, பாவம், ஒன்றும் அறியாதவர், சந்தோஷமாகக் குறுக்கே வந்தார்.

"உங்க பொண்ணுதான் இன்னைக்கு ஹீரோயின். எவ்வளவு ஜாலியா எடுத்துக்கிட்டா பார்த்தீங்களா? அவளும்தானே சிரிச்சா."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தின் சொந்தக்காரர் யார் என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் அவர் அதையே சொல்லித் தப்பிப்பார் என்று காத்திருக்கிற பார்வை அது. இத்தனை வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பார்வை.

பட்டாசு பேனாவை மூடினார்.

"அவ சிரிக்கலைங்க" என்றார்.

"சிரிச்சா சார். நான் பக்கத்துலதானே நின்னேன்."

"சத்தம் வந்துச்சு. அது சிரிப்பில்லை. சிரிக்காட்டி இன்னும் கேலி பண்ணுவாங்களேன்னு வர்ற சத்தம் அது. எனக்கு அது நல்லாத் தெரியும்." மகளைப் பார்த்தார். "அப்பவே தெரியும்மா. வேற யார்கிட்டேயிருந்து வந்திருந்தாலும் தெரிஞ்ச மாதிரிதான் இருந்திருப்பேன். உன்கிட்டேயிருந்து வந்ததால தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

தலைமை ஆசிரியைக்கு முகத்தில் ஈயாடவில்லை. டீ என்ன ஆயிற்று என்று பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். பதிப்பாளர் அம்மாவுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். மீதிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புத்தகம் காட்டுவதுபோல் நகர்ந்தார். மகள் பையின் வாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், திரும்பவும் இந்தத் தோளுக்கே மாற்றினாள்.

குழந்தை புத்தகத்தை மேஜைமேல் வைத்தது. அட்டை பிரிந்து, டேப் ஒட்டியிருந்தது. பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. இதை மகள் வீட்டில் யாரும் தொடக்கூட மாட்டார்கள் என்றல்லவா அவர் எண்ணிக்கொண்டிருந்தார். தினமும் படிச்சுக் காட்டுவாங்க என்று அது மேடைக்கு முன்னால் நின்று சொன்னபோது அதன் அர்த்தம்கூட அவருக்கு உறைக்கவில்லை. அடுத்த ஜோக்குக்கு இடம் கிடைத்தது என்று மட்டும்தான் பார்த்தார். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பேத்தி அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அசையாத தலை. நாக்கு ஒரு தடவை புரண்டது. பல் விழுந்த வாய்க்கு அவரிடம் அருமையான ஜோக் ஒன்று இருந்தது. அதை விழுங்கினார். அவரும் சிரிக்காமல் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

"ஆமைக்கு முன்னாடி முயலைச் சொல்லிட்டீங்க" என்றாள் பேத்தி.

"ஆமாம் கண்ணு. தப்பாச் சொல்லிட்டேன்."

புத்தகத்தில் அவள் பெயரை எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. மகளிடம் நீட்டினார்.

"லீவுக்கு அனுப்ப மாட்டேன்பா" என்றாள் அவள்.

"வேண்டாம்மா. அனுப்பாதே." மனதாரத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் வெறிச்சென்று கிடக்கும் வீடு ஞாபகத்துக்கு வந்தது. களைப்பு தாங்காமல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துக் கண்ணைத் தேய்த்தார்.

மங்கலில் ஒரு கை வந்து கண்ணாடியை எடுத்தது. முந்தானையால் இரண்டு சில்லையும் துடைத்தது. பழகிய கை, அந்தக் காலத்தில் மடியில் வைத்துக்கொண்டு அப்படித்தான் துடைத்துக்கொண்டிருப்பாள். துடைத்து முடித்ததும் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், இரண்டு காம்பையும் விரித்து, அவளே அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"சனிக்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். "கதை எல்லாம் நீங்க சொல்ல வேண்டாம். அவ படிப்பா. நீங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னாடி உட்கார்ந்து கேளுங்க."